எரியாத விளக்கின் சாட்சி

"போர்டுமேல எப்பதான் கை வைக்க விடுவீய, டீச்சர்?"

கேட்டவர் மிக்கேல்ராயன். வயது நாற்பத்தாறு. ஒயரிங் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். சான்றிதழ் மட்டும் கிடையாது. அது இல்லாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் வேலை இல்லை என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

அதற்காகத்தான் இந்தப் பயிற்சிக்கூடத்துக்கு வந்தார். பாடம் எடுக்கும் இசக்கியம்மாளுக்கு வயது முப்பத்தொன்று. நாளை சான்றிதழுக்கான செய்முறைப் பயிற்சி. அனுமதிப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போக முடியும்.

"கரண்ட் இருக்கான்னு எப்படிப் பாப்பீய, அண்ணாச்சி?"

"புறங்கையால ஒரு தட்டு. சுருக்குன்னா இருக்கு. இல்லன்னா இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நடுவிரலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

"இங்க லாம்ப் வச்சுப் பாருங்க. மூணாம் போர்டுல கரண்ட நிறுத்திட்டு எங்கிட்டச் சொல்லுங்க."

இதுதானா பெரிய காரியம்! மூன்றாம் எண் போட்ட பீஸ் கட்டையைப் பிடுங்கினார். வேறு யாரும் திரும்பச் செருகிவிடாதபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் தொழிலில் கெட்டிக்காரர்தான்.

ஆணியில் தொங்கிய டெஸ்ட் லாம்பை எடுத்தார். அதன் இரண்டு ஒயரையும் போர்டில் வைத்தார். பல்பு எரியவில்லை.

"கரண்ட் இல்ல, டீச்சர்."

"நிச்சயமா?"

"பத்தொம்பது வருஷமா இதத்தான செய்யுதேன்!"

இசக்கியம்மாள் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். போர்டுக்கு முன்னால் போய் நின்றாள். மூடியில்லாத செம்புப் பட்டையை நோக்கி வெறுங்கையை நீட்டினாள்.

மிக்கேல்ராயன் அந்தக் கையையே பார்த்தார். இல்லை என்று சொன்னது அவர். போகிற கை அவளுடையது.

விரலுக்கும் செம்புக்கும் நாலு விரற்கடை. மூன்று.

"டீச்சர், இருங்க!"

கை நின்றது.

அதே டெஸ்ட் லாம்பைச் சுவரிலிருந்த பிளக்கில் செருகினார். அந்தப் பிளக்கில் கரண்ட் இருந்தது; தலைக்கு மேலே அதே லைனில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பல்பு எரியவில்லை.

பீஸ் போன பல்பு.

வேறொரு லாம்பை எடுத்தார். பிளக்கில் எரிந்தது. ஓடி வந்து போர்டில் வைத்தார்.

எரிந்தது.

பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இசக்கியம்மாளின் விரல்களைப் பார்த்தார்.

முந்தின நாள் இன்னொரு வகுப்புக்காரர்கள் அந்தப் போர்டுக்கு வேறொரு கட்டையிலிருந்தும் லைன் இழுத்திருந்தார்கள். ஒயரைத் தடவித் தடவிப் போய் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்டையும் பைக்குள் போனது. லாம்பைப் பிளக்கில் வைத்தார், எரிந்தது. போர்டில் வைத்தார், எரியவில்லை. மறுபடியும் பிளக்கில் வைத்தார், எரிந்தது.

"இப்ப இல்ல, டீச்சர்."

நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

"அந்தப் படிவத்தக் கொடுங்க, அண்ணாச்சி."

கொடுத்தார். அவள் பேனாவைத் திறந்தாள்.

"நான் சத்தம் போடலைன்னா தொட்டிருப்பீயளா, டீச்சர்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது.

"அது உங்க கையா இருந்தா நிறுத்தியிருப்பீயளா?"

மிக்கேல்ராயன் தழும்பு விழுந்த விரலைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஆலை வேலை தங்கும்.

"மாட்டேன், டீச்சர்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.