எல்லைக் கல் எங்கே?

ரேஞ்சர் தணிகாசலம் ஜீப்பை விட்டு இறங்காதவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய ரேஞ்சில், அதாவது வனச்சரகத்தில், காட்டோர ஊரில் ஒற்றை யானை ஒன்று வாழைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. விசாரிக்க மாவட்ட வன அதிகாரி வரும் நாளில், தணிகாசலம் வேட்டைத் தடுப்புக் காவலர் நஞ்சனைக் கூப்பிட்டார்.

“டேய், மேடம் வர்றதுக்குள்ள யானை என் ரேஞ்சை விட்டுப் போயிருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது.”

நஞ்சன் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதிகாரி வந்து இறங்கியதும் தணிகாசலம் அதட்டினார். “எங்கடா யானை?”

“ஓடைக்கரையில நிக்குது சார். உங்க ரேஞ்சை விட்டு விரட்டலேன்னா வேலை கிடையாதுன்னீங்க, நான் தயார். உங்க எல்லைக் கல்லை மட்டும் காட்டுங்க. தப்பான பக்கம் விரட்டிட்டா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?”

பொறுப்பேற்கும் ரேஞ்சர் எல்லைக் கற்களை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது வழக்கம். தணிகாசலம் ஜீப்பில் உட்கார்ந்தே கையெழுத்திட்டவர். வடக்கே கை நீட்டினார். யோசித்துக் கிழக்கே நீட்டினார்.

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது.

“மிஸ்டர் தணிகாசலம், இங்கிலீஷ்ல ரேஞ்சுன்னா முதல்ல வரிசைன்னுதான் அர்த்தம். அப்புறம் சுத்தி அலையறதைச் சொன்னாங்க. அலையற பரப்புக்கு அந்தப் பேர் பிறகுதான் வந்தது. நீங்க அலையறதை மட்டும் விட்டுட்டீங்க. நஞ்சன் வேலையில இருக்கட்டும். நீங்க இறங்கி அவர் பின்னாடி நடங்க.”

சாயங்காலம்வரை நஞ்சன் முன்னால் நடந்தார். ஒவ்வொரு கல்லிலும் நின்று, “இதுவும் உங்களுதுதான் சார்” என்றார் பணிவாக. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ரேஞ்சர் அதற்குப்பின் கேட்கவேயில்லை.