அரக்கு மறைத்த கீறல்

கேளுங்கள். ஏரி நிரம்பினால் ராஜாவுக்கும் தூக்கம் போகும் காலம் அது. அந்த மாரியில் ஏரி தளும்பியது. மதகுக்குள் ஒரு பாறை சரிந்து தண்ணீரை அடைத்துக்கொண்டது. பாறை உடையாவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் ஊர் இல்லை.

உள்ளே இறங்கி உடைக்கச் சேந்தன் என்ற கல்லுடைப்பவன் இசைந்தான். அவன் சம்மட்டிக்கு நல்ல காம்பு வேண்டும். "எவன் கடைந்த காம்பு தேறுகிறதோ, அவனே அரண்மனைக் கடைசல்காரன்" என்றார் ராஜா.

ஊரில் மரம் கடையும் காரிக்கு அந்தப் பதவி நெடுநாள் ஏக்கம். மழையில் மரமெல்லாம் ஊறிக் கிடக்க, அவனிடம் உலர்ந்த கட்டை ஒன்றே ஒன்று இருந்தது. மனைவி வெண்ணி கடைசல் பட்டறையின் கயிற்றை இழுத்தாள். கட்டை சுழன்றது. காரி உளியை வைத்தான். பாதியில் வெண்ணி கயிற்றை நிறுத்தினாள்.

"சத்தம் மாறுதே. உள்ளே கீறல் இருக்கு."

"உன் காதிலே வண்டு புகுந்திருக்கு. இழு."

கீறலைக் காரியும் கண்டான். மயிரிழை அளவு. சுழலும் காம்பில் சிவப்பு அரக்கை அழுத்தினான். சூட்டில் அரக்கு இளகிப் படர்ந்தது. கீறல் மறைந்தது. காம்பு மின்னியது.

ஏரிக்கரையில் மூன்று பேர் கடைந்த மூன்று காம்புகளை வைத்தார்கள். ராஜா காரியின் காம்பை எடுத்து, "இதுதான்" என்றார். உண்மை காரியின் வாய்வரை வந்தது, விழுங்கினான். ஊர் ஆரவாரித்தது, மறுபடி விழுங்கினான். சேந்தன் காம்பைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. குழம்பைச் சூடா வைன்னு வீட்டிலே சொல்லிட்டு வந்திருக்கேன்."

மூன்றாவது முறை விழுங்க முடியவில்லை. காரி காம்பைப் பிடுங்கி முழங்காலில் அடித்தான். இரண்டாக ஒடிந்தது.

"நான் மெச்சியதையா ஒடித்தாய்?" ராஜாவின் முகம் கறுத்தது.

"உள்ளே கீறல், ராஜா. மறைத்தவன் நான்."

அரண்மனை வேலை வேறொருவனுக்குப் போனது. "இந்தக் கைதானா எங்க அரிவாளுக்கெல்லாம் பிடி போட்டது?" என்று கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான்.

சேந்தன் மற்ற இரண்டு காம்புகளையும் தொடவில்லை. "அதுக்குள்ளே என்ன இருக்குன்னு யாரு சொன்னா? இவரு சொல்லிட்டாரு. இவரே கடையட்டும்."

"கட்டைக்கு எங்கே போவேன்?" என்றான் காரி.

வெண்ணி அவனை வீட்டுக்கு அழைத்துப்போய், உள்ளேயிருந்து தன் உலக்கையைக் கொண்டுவந்து பட்டறையில் போட்டாள்.

"வருஷக்கணக்கா இடிச்சு இடிச்சு இறுகின மரம். கேட்டிருந்தா அன்னைக்கே தந்திருப்பேனே."

காரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கயிறு இழுத்தாள். சத்தம் முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக ஓடியது. இந்தக் காம்புக்கு அவன் அரக்கு பூசவில்லை.

சேந்தன் மதகுக்குள் இறங்கினான். ஓர் அடி கேட்டது. இன்னோர் அடி. இன்னோர் அடி. பிறகு பாறை பிளந்து பாய்ந்த தண்ணீரின் இரைச்சல் மட்டும். காரி கண்ணை மூடிக்கொண்டான்.

"அதோ!" என்றாள் வெண்ணி.

மதகுக்கு அப்பால், சேற்று நுரைக்கு நடுவே, சேந்தன் இருமிக்கொண்டே எழுந்து நின்றான்.

ஆகவே, கேட்டவர்களே, தன் வேலையில் உள்ள குறையைத் தானே சொல்லிவிடுகிறவன் கையை நம்பித்தான் இன்னொருவன் தன் உயிரை ஒப்படைக்க முடியும்.