இருபது அடிக்கு ஐந்து அங்குலம்

செலின் டீச்சர் ஒரு சமுதாயக் கல்லூரியில் குழாய்ப் பொருத்தும் வேலை கற்றுத் தந்தார். அதே மாணவர்களுக்குப் பொன்னுரங்கம் கணக்குப் பாடம் நடத்தினார். டீச்சரைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் மனசை ஒரு கேள்வி குடைந்தால் டீச்சரிடம்தான் போய் நிற்பார். "சீடன் கிளம்பியாச்சு" என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள்.

மாணவர்கள் பொன்னுரங்கத்துக்கு வைத்த பெயர் வேறு: ரெட்டைக்கோடு. விடையைத் தலைகீழாகப் போட்டுச் சரிபார்த்த பிறகே அதன் அடியில் இரண்டு கோடு இழுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். சரிபார்க்காமல் கோடு இழுத்தவன் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

அந்த ஆண்டு கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. கோப்புகளைத் தயார் செய்யும் வேலை பொன்னுரங்கத்தின் தலையில் விழுந்தது. குழு வருகிற அன்று காலை ஏழு மணிக்கு, டீச்சரின் கோப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

"டீச்சர், 'மாணவர் கற்றதற்குச் சான்று'ங்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"கட்டடத்துக்குப் பின்னால்."

"விளையாடாதீங்க. சான்று இல்லேன்னா உங்க பாடப்பிரிவை மூடிடுவாங்க."

"விளையாடல சார். அங்கதான் இருக்கு. கழிவுநீர்க் குழாய்ல."

பொன்னுரங்கம் கோப்பைக் கீழே வைத்தார்.

"அந்தக் குழாயா? ஒரே கிறுக்கலா இருக்குன்னு முந்தாநாள்தான் நீலப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்ல ஆளு சார் நீங்க. சான்று எங்க, சான்று எங்கன்னு மூணு மாசமா எங்களை விரட்டினீங்க. இருந்த சான்று மேல பெயின்ட் அடிச்சிட்டீங்க."

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டீச்சர், என் கோப்புல தொண்ணூற்றிரண்டு சதவீதம் பேர் கத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கேன். எனக்கே அதுல நம்பிக்கை இல்ல. பரீட்சை எழுதின மறுநாள் மறந்திடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கேன். ஒருத்தராவது கத்துக்கிட்டாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் டப்பாவையும் பழைய துணியையும் அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க. துடைக்கலாம்."

பின்சுவர் நெடுகக் குழாய் ஓடியது. பொன்னுரங்கம் மண்டியிட்டுத் துடைத்தார். மேலே இருந்த பெயின்ட் துணியோடு வந்துவிட்டது. கீறல்களுக்குள் இறங்கியது மட்டும் வரவில்லை. சாம்பல் நிறக் குழாயில் எண்கள் நீலமாக, முன்பைவிடத் தெளிவாக எழுந்தன.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பூமாலையோடு எல்லோரும் முன்வாசலில் காத்திருக்க, குழுத் தலைவரின் கார் பின்கேட் வழியாக வந்திருந்தது.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"எங்க கடைசிப் பரீட்சை சார்," என்றார் டீச்சர். "இங்க ஓடுற குழாய் எல்லாம் பிள்ளைங்க பொருத்தினது. ஆளுக்கு ஒரு இணைப்பு. பொருத்தினவங்க தங்களோட பதிவு எண்ணையும் வருஷத்தையும் ஆணியால கீறிடணும். பின்னால எப்ப ஒழுகினாலும் அவங்களே வந்து சரிபண்ணணும்."

"வருவாங்களா?"

டீச்சர் ஓர் இணைப்பைக் காட்டினார். 23, 2011 என்று இருந்தது. பக்கத்திலேயே 2016.

"அஞ்சலைன்னு ஒரு பொண்ணு. அஞ்சாவது வருஷம் ஒழுகிச்சு. போன்ல சொன்னேன். திருப்பூர்லேர்ந்து இடுப்புல குழந்தையோட வந்தா. குழந்தையை என் கையில குடுத்துட்டு வேலையைப் பார்த்தா. அது என் சேலையை நனைச்சிடுச்சு. குழாய் அதுக்கப்புறம் ஒழுகல."

"ஒழுகினதையும் மறைக்காம எழுதி வச்சிருக்கீங்களே?"

"அவதான் சார் எழுதினா."

தலைவர் குனிந்தார். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கணக்கு இருந்தது. இருபது அடிக்கு, அடிக்குக் கால் அங்குலம் வீதம், ஐந்து அங்குலச் சரிவு. அதன் கீழே ஐந்தை இருபதால் வகுத்து மறுபடி கால்.

"சரிவுக் கணக்கு புரியுது. அதுக்கு அடியில இது என்ன, ரெண்டு கோடு?"

பொன்னுரங்கத்தின் கையிலிருந்த துணி நின்றது. அவர் அடுத்த எண்ணைப் பார்த்தார். அதன் அடியிலும் இரண்டு கோடு. அதற்கு அடுத்ததிலும். துடைத்த தூரம் வரைக்கும்.

டீச்சர் சொன்னார்:

"அது என் வகுப்புல சொல்லிக் கொடுக்கிறதில்ல சார். இவரைக் கேளுங்க."