மாமன் கெணத்துல எறக்குன காளான்

எங்க நாச்சிமுத்து மாமனுக்குப் புளுகாம ஒரு வேள சோறு எறங்காதுங்க. அதனாலதான், பொண்ணு வூட்டுக்காரங்க எங்க வூடு பாக்க வர்றாங்கன்னதும், "அம்மா, மாமனுக்கு மட்டும் சொல்லிப்போடாத"ன்னு கையெடுத்துக் கும்புட்டேன். அம்மா மொத நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்துச்சு. தாய்மாமன் இல்லாம எப்புடிறான்னு என்னையவே திருப்பிக் கேக்குது.

எனக்கு இது மூணாவது எடமுங்க. மொத ரெண்டு எடத்துக்காரங்களும் வந்தாங்க, கெணத்த எட்டிப் பாத்தாங்க, கை நனைக்காமப் போயிட்டாங்க. எங்க பக்கம் சம்மந்தம் பேச வர்றவங்களுக்கு எடம் புடிச்சிருந்தாத்தான் இலையில உக்காருவாங்க. புடிக்கலைன்னா ஒரு வாய் சோறு திங்க மாட்டாங்க. ரெண்டு தடவையும் சுட்டு வெச்ச ஒப்பிட்ட, அதாங்க பருப்புப் போளிய, நானும் அம்மாவுமே மூணு நாள் தின்னு தீத்தோம். இந்தத் தடவையும் அடுப்படியில ஒப்பிட்டு வாசம்.

கெணத்துல என்ன கேடுன்னா, எங்க தோட்டத்துக்கு மேக்கால ஒரு முலாம் பூசற பட்டறை இருந்துச்சுங்க. வண்டி ஹேண்டில்பாரெல்லாம் பளபளன்னு ஆக்குவாங்க. பட்டறைய மூடி நாலு வருசமாச்சு. ஆனா அவங்க ஊத்துன குரோமியம் மண்ணுக்குள்ள எறங்குனது எறங்குனதுதான். கெணத்துத் தண்ணி இன்னும் மஞ்சளா இருக்குது.

பதினோரு மணிக்கு வந்துட்டாங்க. பொண்ணோட அப்பா பொங்கியண்ணன், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரரு, அதிகம் பேச மாட்டாரு. கூட அவரோட அக்கா ராசாமணியம்மா. அவங்கதான் பேசறது. உக்காந்ததும் கேட்டாங்க.

"ஏனுங், உங்க கெணத்துத் தண்ணி ஒரு மாதிரின்னு கேள்விப்பட்டமே?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மாமன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டாரு. போச்சுடான்னு நெனச்சேன்.

"அது பழைய கதைங்க்கா! ஒரு காலத்துல மஞ்சளா இருந்துச்சுதான், பொய் சொல்லக் கூடாது. வெள்ள வேட்டிய ஒரு முக்கு முக்கி எடுத்தா, பழனிக்கு மாலை போட்ட மாதிரி ஆயிரும். எங்க வெடக்கோழி அந்தத் தண்ணியத்தான் குடிக்கும். அது உட்ட முட்டையில மொகம் பாத்துச் சவரம் பண்ணிக்கலாம். ஆம்லெட் போடோணும்னா சம்மட்டி வேணும்!"

"முட்டைய ஒடைக்கச் சம்மட்டியா?" ராசாமணியம்மா கேட்டாங்க.

"ரெண்டு சம்மட்டி ஒடஞ்சு போச்சுங்க்கா. அப்பத்தான் இதா உக்காந்திருக்கற நம்ம மாப்ள பூபதி காளான் கொட்டகை போட்டான். நான் சொன்னேன், டேய், ஒரே ஒரு சிப்பிக் காளான எடுத்துக் கெணத்துல உடுன்னு. உட்டான். காலையில எட்டு மணிக்கு எறங்குச்சு. மத்தியானச் சோத்துக்குள்ள பாதிக் கெணத்த உறிஞ்சிருச்சு. தண்ணிய இல்லீங்க, தண்ணியில இருந்த குரோமியத்த மட்டும்! மேல தூக்கலாம்னு பாத்தா எட்டு ஆளு சேந்து இழுத்தும் அசையல. போர் போடற லாரிய வரச்சொல்லித் தூக்குனோம். அருவா வெச்சா அருவா மழுங்குது. கடைசியில கேஸ் கட்டர் வெச்சு அறுத்தோம். பொறி பறக்குது! பழைய இரும்புக்காரன் வந்து கிலோ என்ன வெலைன்னு கேட்டான். நான் குடுக்கல. குடும்பத்துல ஒருத்தர விக்க முடியுங்களா?"

பொங்கியண்ணன் மொத தடவையா வாயத் தொறந்தாரு. "அறுத்துப்போட்டீங்களே, அப்பறம் என்ன குடும்பம்?"

"அறுத்தது காலு மட்டுந்தானுங்க சம்மந்தி, அது ரெண்டு நாள்ல மொளச்சிருச்சு!"

"இன்னும் சம்மந்தி ஆகலீங்க," அப்படின்னாங்க ராசாமணியம்மா.

மாமன் காதுல வாங்குனாத்தானே. "அதுக்கப்பறம் பாருங்க, காளானுக்கு உலோக ருசி கண்டுபோச்சு. கெணத்துல மிச்சமில்ல. பசி. மெல்ல ஏறி ரோட்டுக்கு வந்துருச்சு. கொடை மாதிரி விரிஞ்சு நிக்குது, கீழ டவுன் பஸ்ஸு நிக்கலாம். நின்னுச்சு. கண்டக்டர் எறங்கி டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பஸ்ஸுல ஒரு கம்பி இல்ல! புடிச்சிருந்த சனமெல்லாம் காத்தப் புடிச்சுட்டு நின்னுச்சு. எங்க ஊருல அப்ப ஒரு பொம்பள வளையல் போடாது, அக்கா. நீங்களுங்கூடச் சித்த கைய உள்ள வெச்சுக்கறது நல்லது."

ராசாமணியம்மா கைய உள்ள வெக்கல. "பக்கத்துல இருந்த முலாம் பட்டறை என்னாச்சுங்க?"

"அதத்தான் சொல்ல வந்தேன்! நேராப் பட்டறை வாசல்ல போயி உக்காந்துச்சு. மொதலாளி ஜன்னல்ல பாத்தாரு. பூட்டிச் சாவியத் தூக்கிக் காளான்கிட்டப் போட்டுட்டு ஓடுனவருதான். சாவியையும் அது தின்னுருச்சு. பட்டறை மூடுனது அப்புடித்தானுங்க."

பட்டறை மூடுனது அண்ணந் தம்பி பங்குச் சண்டையிலீங்க. நான் காளான் கொட்டகை போட்டதே போன வருசந்தான்.

"அந்தக் காளான் இப்ப எங்கீங்க?" ராசாமணியம்மா உடல.

"கலியாணத்துக்கு வந்துரும்! பந்தலே வேண்டாங்க்கா, ஆயிரம் பேரு கீழ உக்காரலாம். இப்பத் தண்ணியப் பாத்தீங்கன்னா, அத்தனை சுத்தம். கெணத்துல தண்ணி இருக்குதுன்னே தெரியாம நாலு பேரு வழுந்துட்டாங்க. வழுந்தவங்க குடிச்ச குடியில மேல வரமாட்டேங்கறாங்க!"

"அப்ப எனக்கும் ஒரு சொம்பு குடுங்க," அப்படின்னாங்க ராசாமணியம்மா. "கெணத்துத் தண்ணி."

கதவோரம் நின்ன அம்மா எம்மூஞ்சியப் பாத்துச்சு. மாமன் அசரல. "இதா ஒரே நிமிசம்!" எந்திரிச்சு உள்ள போனாரு. கெணறு இருக்கறது வாசப் பக்கமுங்க, மனுசன் அடுப்படிக்குள்ள போறாரு. பித்தளச் சொம்பு நெறையக் கொண்டாந்து நீட்டுனாரு.

ராசாமணியம்மா ஒரு வாய் குடிச்சாங்க. சொம்பக் கீழ வெச்சாங்க. "ஆழியாத்துத் தண்ணி குடிச்சு வளந்த நாக்குங்க இது. இது கேன் தண்ணி."

மாமன் துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. அம்மா கண்ணுல தண்ணி. எனக்கு வந்த வெக்கத்துல மூணாவது எடமும் போனாப் போகட்டும்னு தோணிருச்சு. எந்திரிச்சேன்.

"காளான் உட்டது நெசமுங்க. காலேஜ்ல இருந்து ஒரு மேடம் வந்து சொல்லிக் குடுத்தாங்க. காளான் பறிச்ச பொறவு மிஞ்சற வெக்கப்புல் மூட்டை, அதுக்குள்ள காளானோட வேரு மாதிரி வெள்ளையா ஓடியிருக்கும், அதுதான் குரோமியத்தப் புடிச்சு வெச்சுக்கும். பதினெட்டு மூட்டைய டிரம்முல போட்டுத் தண்ணிய அதுவழியா உடறேன். மஞ்சள் கொஞ்சம் கொறஞ்சிருக்குது. ஆனா குடிக்க முடியாது. செடிக்கு உடலாம்னுகூட இன்னும் சொல்லல. அந்த மூட்டையில ஏதாச்சும் மொளச்சாலும் திங்கக் கூடாது. மூட்டையவே விஷக் கழிவுன்னு தனியாக் கட்டிக் குடுத்து உடறோம்."

"தண்ணி சுத்தமாக எத்தன வருசமாகும்?" ராசாமணியம்மா கேட்டாங்க.

"தெரியலீங்க. உங்க புள்ள இங்க வந்தா கேன் தண்ணிதான் குடிக்கோணும்."

ராசாமணியம்மா தம்பியப் பாத்தாங்க. அவரு தலையாட்டுனாரு.

"எங்க பொண்ணு நித்யகலா சொல்லித்தான் உட்டா," அப்படின்னாங்க. "கெணத்தப் பத்திக் கேளுங்க அத்தை, அவரு மறைக்காமச் சொன்னா சாப்புட்டுட்டு வாங்கன்னு. இலையப் போடச் சொல்லுங்க அம்மிணி. ஒப்பிட்டு வாசம் அப்பவே வந்துருச்சு."

அம்மா அழுதுட்டே அடுப்படிக்கு ஓடுச்சு. இலை விரிச்சு முடிக்கல, மாமனுக்கு உசுரு திரும்பிருச்சு. "பாத்தீங்களா! எங்க காளான் கலியாணமே பண்ணி வெச்சிருச்சு! இதே மாதிரித்தானுங்க, திருப்பூர்ல ஒரு தடவ நான்..."

ராசாமணியம்மா ஒப்பிட்டுல நெய்ய ஊத்திட்டே எம்பக்கம் திரும்புனாங்க.

"மாப்ள, அந்தப் பதினெட்டு மூட்டையில ஒண்ண உங்க மாமன் வாயில கட்ட முடியுங்களா?"

"ஒண்ணு பத்தாதுங்க," அப்படின்னேன்.