கரைந்த உப்பு யாருடையது

ஒரு லொறி உப்பு மழையில் போய்விட்டது.

மழை பெய்கிற மாதமும் இல்லை. அந்தக் கடற்கரையில் ஆடியில் ஒரு தூறல் விழுந்தால் அதை நாலு வருஷம் பேசுவார்கள். அன்று மூன்று மணி நேரம் கொட்டியது. கொட்டி முடித்ததும் ஒன்றும் தெரியாததுபோல மாலை வெயில் வந்தது.

உப்பு யாருடையது? அதுதான் பிரச்சினை. அதற்கு முன் ஆட்களைச் சொல்லிவிட வேண்டும்.

நெய்னா மரைக்காருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் சாதாரண வங்கியில் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவரை, ஊரில் புதிதாகத் திறந்த வட்டியில்லா நிதியகத்தின் கிளைக்கு முகாமையாளராகக் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். தொழில் எளிது. நிதியகம் கடன் கொடுக்காது. உங்களுக்கு வேண்டிய பொருளைத் தானே வாங்கும். தன்னுடையதாக்கிக்கொள்ளும். பிறகு லாபம் வைத்து உங்களுக்கு விற்கும். நீங்கள் தவணையில் கட்டுவீர்கள். அவ்வளவுதான்.

ஆள் வரவில்லை. கிளை பள்ளிவாசலுக்கு நேரெதிரே இருந்தது. பச்சைப் பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளே குளிரூட்டி எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் பலகையைப் பார்த்து சலாம் சொல்லாத குறையாகத் தலையசைத்துவிட்டு, அடுத்த தெருவில் இருந்த பழைய வங்கிக்குள் போனார்கள். இரண்டு வருஷத்தில் வந்த ஆட்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். நோன்பு மாதத்துக்குள் ஆள் சேராவிட்டால் கிளையை மூடுவோம் என்று கொழும்பிலிருந்த தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

மரைக்காருக்கு மார்க்கப் பாடம் ஓதிக்கொடுத்தவர் இல்யாஸ் ஹஸ்ரத். வயது முப்பத்தாறு. சைக்கிள் கடை வைத்திருந்தார். ஓதிக்கொடுக்கக் காசு வாங்கமாட்டார்; பஞ்சர் ஒட்ட வாங்குவார். மரைக்கார் தினமும் பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு, கிதாபு என்கிற மார்க்க நூலை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போவார். வாங்கல் விற்றல் பாடம். மகன் வயது ஆளிடம் மரைக்கார் பாடம் கேட்கிறார் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். பாடம் சொல்கிற ஹஸ்ரத்தும், ஊரைப்போலவே, அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

உப்புக்கு ஒரு வாரத்துக்கு முன் மரைக்கார் கேட்டார்:

"ஹஸ்ரத், எங்கட ஆக்களே ஏன் எங்களிட்ட வாறாங்க இல்ல? ஹராம் இல்லாத வழி. லாபமும் அவங்கட வட்டிய விடக் கூட இல்ல. பேப்பர்ல போட்டம். ஜும்மாவில சொல்ல வெச்சம். இன்னும் என்ன வேணும்?"

ஹஸ்ரத் ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இதில ஓட்டை எங்க இருக்கு நானா, சொல்லுங்க பாப்பம்."

"மேல பாத்தாத் தெரியாதே."

"அதுதான். நல்ல டியூபும் ஓட்ட டியூபும் வெளியில ஒரே மாதிரித்தான் இருக்கும்."

அவர் டியூபைத் திருப்பினார். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தார். பதில் அவ்வளவுதான். மரைக்காருக்கு எரிச்சல். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டியூபைக் காட்டுகிற ஆளிடம் வேறென்ன வரும்.

அந்த வாரம்தான் லூர்தம்மாவுக்கு உப்பு எடுத்தார்கள்.

லூர்தம்மா வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள். கரையில் மீனை உப்பிட்டுக் காயவைக்கிற கருவாட்டு வாடி வைத்திருந்தாள். எட்டுப் பெண்கள் அவளிடம் வேலை செய்தார்கள். மீன் மலிந்த பருவம், ஒரு லொறி உப்பு வேண்டும், கையில் பணமில்லை. அவள் கிளைக்குள் வந்தபோதே மரைக்காருக்கு ஆச்சரியம்.

"பள்ளிக்காரங்களே வாறதில்ல. நீங்க எப்படி வந்தீங்க?"

"மத்தவனெல்லாம் ஈடு கேட்டான் நானா. என்னிட்ட இருக்கிறது மீன் நாத்தம் மட்டும்தான். அத ஈடு வெக்கேலாது."

மரைக்கார் சிரித்துவிட்டார். தாள்களை எடுத்தார். இங்கேதான் பிழை நடந்தது. நிதியகம் உப்பை வாங்குகிற தாள் ஒன்று. அதை லூர்தம்மாவுக்கு விற்கிற தாள் இன்னொன்று. இரண்டாவது தாளை, உப்பு வந்து இறங்கி, அவள் பார்த்து, அளந்து, சரி என்ற பிறகுதான் எழுத வேண்டும். அவள் இரண்டு தரம் பஸ் ஏறி வர வேண்டாமே என்று மரைக்கார் இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்து வாங்கினார். திகதி போடும் இடத்தை வெறுமையாக விட்டார். எல்லாக் கிளையிலும் அப்படித்தான் செய்வார்கள். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

உப்பளத்திலிருந்து லொறி இரண்டு மணிக்கு வந்தது. வாடிக்குப் பக்கத்தில் மணலில் கொட்டிவிட்டுப் போனது. மழை பெய்யாத மாதம் என்பதால் மேலே தார்ப்பாய்ப் படங்கு போடவில்லை. லூர்தம்மா மீன் ஏலத்துக்குப் போயிருந்தாள். ஐந்து மணிக்கு வந்து அளப்பதாகப் பேச்சு. மூன்று மணிக்கு மழை பிடித்தது.

மறுநாள் காலை விஷயம் அறிந்து தலைமை அலுவலகத்திலிருந்து நவாஸ் தொலைபேசியில் பேசினான். வேகமாகப் பேசுகிற பையன்.

"நானா, விக்கிற தாள்ல அவட கையெழுத்து இருக்குத்தானே?"

"இருக்கு."

"திகதி?"

"போடல்ல."

"முந்தநாள் திகதியப் போடுங்க. உப்பு அவட. முடிஞ்சுது."

"உப்பு நேத்துத்தானே வந்துது தம்பி."

"தாளுக்கு அது தெரியுமா நானா? இந்த நட்டத்த நாங்க எடுத்தா உங்கட கிளைய நோன்பு வரைக்கும் வெச்சிருக்கேலாது. நாளைக்கே பூட்டுவாங்க. யோசிங்க."

மரைக்கார் யோசித்தார். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மரைக்காரைக் குறை சொல்ல முடியாது.

ஹஸ்ரத் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தாள்ல அவ கையெழுத்து வெச்ச நேரம் உப்பு எங்க இருந்துது?"

"உப்பளத்தில."

"யார்ட உப்பு?"

"உப்பளத்துக்காரர்ட."

"அப்ப நீங்க அடுத்தவன்ட உப்ப வித்திருக்கீங்க."

மரைக்காருக்குக் காது சுட்டது. இதே பாடத்தை இதே கடையில் மூன்று தரம் ஓதியிருக்கிறார். ஒரு தரம் பிழையில்லாமல் ஒப்பித்ததற்கு ஹஸ்ரத் தேத்தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

"இப்ப நான் என்ன செய்ய ஹஸ்ரத்?"

"வித்துப் போட்டு வாங்க."

"என்னத்த?"

"உப்பத்தான். அங்க போய், உப்பக் காட்டி, அவட முகத்தப் பாத்து, 'இத உனக்கு வித்தேன்' எண்டு வாயால சொல்லுங்க. அவ 'வாங்கினேன்' எண்டு சொன்னா நேத்துத் திகதியும் போடலாம், அதுக்கு முந்தின திகதியும் போடலாம். நானே பேனை தாறன்."

இரண்டு பேரும் போனார்கள். ஹஸ்ரத் சைக்கிளை ஓட்டினார், மரைக்கார் பின்னால் உட்கார்ந்து வந்தார். பார்க்க நன்றாக இருந்திருக்காது.

உப்பு கொட்டிய இடத்தில் உப்பு இல்லை. மணல் சாம்பல் நிறமாய் இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு முழங்கால் உயரத்துக்கு அழுக்குக் குவியல் ஒன்று மிச்சம். அதில் பாதி மண். மீனில் போட்டால் மீன் கெடும். அங்கிருந்து கடல்வரை ஒரு வெள்ளைக் கோடு, வழிந்தோடிய தடம். கடலிலிருந்து வந்தது கடலுக்கே போய்விட்டது.

எட்டுப் பெண்களும் வாடி நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூடை கூடையாய் மீன். ஈ மொய்த்தது. இன்றைக்குள் உப்புப் படாவிட்டால் எல்லாவற்றையும் புதைக்க வேண்டும்.

லூர்தம்மா எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம்.

"நானா, நான் கையெழுத்து வெச்சிட்டன். அது எனக்குத் தெரியும். எவ்வளவு மாசத்தில கட்டோணும் எண்டு மட்டும் சொல்லுங்க. தவணையக் கொஞ்சம் கூட்டித் தந்தீங்கெண்டா உங்கட புள்ளைகள் நல்லா இருக்கும்."

கேட்டீர்களா? அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் மரைக்காருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

மரைக்கார் தாளை வெளியே எடுத்தார். குவியலைப் பார்த்தார். கையை நீட்டினார். 'இதை உனக்கு விற்றேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

வரவில்லை.

இன்னொரு தரம் திறந்தார். இந்த இரண்டு வருஷத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருதரம்கூடப் பொருளுக்கு முன்னால் நின்று சொன்னதில்லை. வெறும் மணலைக் காட்டி அதைச் சொல்லவேண்டி வந்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. நரைத்த மனிதர், எட்டுப் பெண்கள் பார்க்க, வாயைத் திறந்தபடி நின்றார்.

பிறகு கையை மடக்கித் தன் நெஞ்சில் வைத்தார்.

"லூர்தம்மா, இது எங்கட உப்பு."

"என்ன நானா?"

"உங்களுக்கு நாங்க இன்னும் விக்கல்ல. எங்கட உப்புத்தான் கரைஞ்சுது. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல. நான் வேற உப்புக் கொண்டு வாறன்."

தாளை நாலாகக் கிழித்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அலை அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் கேட்டது.

ஒரு பெண் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். லூர்தம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மரைக்கார் திரும்பிப் பார்த்தார். ஹஸ்ரத் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் ஹஸ்ரத்?"

"நானும் இதக் கிதாபிலதான் பாத்திருக்கன் நானா."

மரைக்கார் நிதியகத்தின் பேரில் இன்னொரு லொறி உப்புக்கு உப்பளத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

பகல் இரண்டு மணிக்கு இரண்டாவது லொறி வந்தது. இந்தத் தரம் மரைக்கார் குவியலுக்குப் பக்கத்தில் படங்கோடு நின்றார். லூர்தம்மா அளந்தாள். ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"வித்தேன்," என்றார் மரைக்கார்.

"வாங்கினேன்," என்றாள் அவள். கையெழுத்து வைத்தாள். திகதியை அவளே போட்டாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"இனிப் பெஞ்சா?"

"உங்கட."

"அப்ப அந்தப் படங்க இங்க தாங்க," என்று பிடுங்கிக்கொண்டாள். பெண்கள் சிரித்தார்கள்.

நடந்ததை மரைக்கார் நவாஸிடம் சொன்னார். அவன், மேலிடத்தில் சொல்கிறேன், பூட்டைத் தயாராக வைத்திருங்கள் என்றான். மரைக்கார் பூட்டை வாங்கி மேசையில் வைத்தார். பூட்டுப் போட ஆள் வருமுன் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவன் அந்த உப்பு லொறிக்காரன். அவனுக்கு டயர் வேண்டும். அடுத்தது வலைக்காரர் ஒருவர். மூன்றாவது, தெற்கே செங்கல் சூளை வைத்திருந்த சிங்களவர். மொழிபெயர்க்க மருமகனைக் கூட்டி வந்தார். பிறகு பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். லாபம் எவ்வளவு என்று கடைசியில்தான் கேட்டார்கள். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

"மழை பெஞ்சா யார்ட?"

தையல் மெஷின் வாங்க வந்தவளும் அதைத்தான் கேட்டாள். மெஷின் எங்கே கரையப் போகிறது. ஆனாலும் கேட்டாள். மரைக்கார் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"உங்கட கைக்கு வாற வரைக்கும் எங்கட."

நோன்பும் வந்து பெருநாளும் போனது. மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது. மற்றக் கிளைகள் எல்லாம் தூங்க, இது மட்டும் எப்படி நிமிர்ந்தது என்று தலைமை அலுவலகம் ஆராய்கிறதாம். வாடிக்கையாளர் எதனால் நம்மைத் தேர்ந்தெடுத்தார்? கீழே கட்டங்கள். சரியானதில் அடையாளம் போட வேண்டும்.

மரைக்கார் அதை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு சைக்கிள் கடைக்குப் போனார்.

"வாசிங்க," என்றார் ஹஸ்ரத். அவர் கையில் ஒரு டியூப்.

"மார்க்கப் பற்று."

"வேதக்காரியும் சூளைக்காரரும் வந்தாங்களே."

"குறைஞ்ச லாப வீதம்."

"குறைச்சீங்களா?"

"இல்ல. விளம்பரம். நல்ல சேவை. தெரிஞ்சவங்க சொன்னது."

"தெரிஞ்சவங்க ரெண்டு வருஷமா வாயக் கட்டிக்கிட்டா இருந்தாங்க?"

மரைக்கார் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியில ஒரு கட்டம் இருக்கு. 'வேறு' எண்டு. நான் உங்கட பேர எழுதட்டுமா ஹஸ்ரத்?"

"நான் பேனை தாறன் எண்டு சொன்ன ஆள்."

"அப்ப என்ர பேர?"

"நீங்க விக்கப் போன ஆள்."

"அப்ப யாரத்தான் எழுத?"

ஹஸ்ரத் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி ஒன்றும் வரவில்லை.

"மழை," என்றார்.