காவிப் பல்லும் சொத்தைப் பல்லும்

கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கும் சகாயராஜுக்குச் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் பத்து வயதுவரை ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். பல்லெல்லாம் காவி, ஆனால் ஒரு நாளும் பல்வலி என்று படுத்ததில்லை. அவன் மனைவி ஜெசிந்தா நாகர்கோவில்காரி. வெள்ளை வெளேரென்ற பல், அதில் இரண்டைச் சொத்தை தின்று பிடுங்கியாயிற்று.

கப்பலுக்குப் புறப்படும் அன்று மகள் மெர்லினைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: “என் பல்லு இவளுக்கு வரக் கூடாது, ஜெசி. அந்த ஃப்ளோரைடு இவ வாய்ப்பக்கமே போகக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“அப்பா பல்லு டீ குடிச்சிருக்கு!” என்றாள் ஐந்து வயது மெர்லின்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்தக் கையை விலக்கி அவன் சிரிப்பை ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது கல்யாண நாளிலிருந்து ஜெசிந்தாவுக்கு ஏக்கம். கேட்க வாய் வரவில்லை. சத்தியம் மட்டும் செய்தாள்.

பற்பசைகூட ஃப்ளோரைடு இல்லாததாகத் தேடி வாங்கினாள். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு இரண்டு சொத்தை. ஃப்ளோரைடு பூச வேண்டும் என்றார் பல் டாக்டர் ஷர்மிளா. ஜெசிந்தா கணவனிடம் போனில் கேட்டாள். “நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்,” என்றான். வர இன்னும் எட்டு மாதம். வாரத்துக்குப் பத்து நிமிடம் கிடைக்கிற குரல். அதோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த முறை ஜெசிந்தா சத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். “வாயத் தொற மக்களே... ரெண்டு சொத்தை நாலாயிட்டும்மா. இத அடைச்சிரலாம். மிச்சப் பல்லுக்குப் பூசணும். சத்தியத்த வச்சிப் பல்ல அடைக்க முடியுமா? உங்க வீட்டுத் தண்ணில ஃப்ளோரைடு ரொம்பக் கம்மி. தண்ணியப் பரிசோதிச்ச சீட்ட நீங்கதான காட்டுனிய?”

ஜெசிந்தா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பூசுங்க டாக்டர்,” என்றாள்.

கதை கேட்டவர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: ஜெசிந்தா சத்தியத்தைக் காத்தாளா, உடைத்தாளா?

விடை: காத்தாள். தன் பல் மகளுக்கு வரக் கூடாது என்பதே அவன் கேட்டது. ஃப்ளோரைடை விலக்குவது அதற்கு அவனுக்குத் தெரிந்த வழி. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், மிகுதியான ஃப்ளோரைடு வருடக்கணக்காக வயிற்றுக்குள் போனால்தான் காவி ஏறும். டாக்டர் அளந்து பல்லின்மேல் பூசுவது சொத்தையைத் தடுக்கத்தான். ஆனால் இதை அவனிடம் யார் சொல்வது? இத்தனை வாரமும் போன் மணி அடிக்காதா என்று ஏங்கியவள், இந்த ஞாயிற்றுக்கிழமை அடித்த மணியை மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். “என்னங்க,” என்றாள், “ஒண்ணு சொல்லணும்.”