வாரம் மூணு கருப்பட்டி

தேரிக்காட்டுப் பனையேறிகள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வாரம் ஆளுக்கொரு கருப்பட்டி பொதுப் பானையில் போட வேண்டும். எவனாவது மரத்திலிருந்து விழுந்து செத்தால் பானை அவன் வீட்டுக்கு.

ஐம்பதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. பூவலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு.

“பெருசு, நீ நாளைக்கே விழுவ. எங்க கருப்பட்டியை உன் வீட்டுக்கு அள்ளிக் குடுக்கவா?” என்று இளவட்டங்கள் மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட்டார்கள்.

அவர் மகளுக்குக் கால் விளங்காது. அவரை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

நேரே கணக்கு ஆசானிடம் போனார். ஆசான் அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தால் என்ன, பூவலிங்கம் கணக்குப் படித்தது அவரிடம்தான்.

“ஆசானே, சாதகமும் ஒரு கணக்குதானே, என்னதைப் பாருங்க. ஆயுசு கெட்டின்னு அந்தப் பயலுவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“யாரு விழுவாங்கன்னு எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. எத்தனை பேருன்னா ஏறக்குறையச் சொல்லலாம்.”

“அதை வச்சு நான் நாக்கு வழிக்கவா?”

ஆசான் அவரைச் சுடலை கோயிலுக்குக் கூட்டிப்போனார். பனையேறும்போது காலில் மாட்டுகிற நார் வளையத்துக்குத் தளைநார் என்று பேர். விழுந்து செத்தவனின் தளைநாரை வேறு யாரும் மாட்ட மாட்டார்கள். கோயில் தூணில் தொங்கவிட்டுவிடுவார்கள். இளவட்டத்துக்கு ஒரு தூண், ஐம்பது தாண்டியவர்களுக்கு இன்னொன்று.

பூவலிங்கம் தன் தளைநாரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு தூணையும் தடவித் தடவி எண்ணினார். இளவட்டத் தூணில் ஒன்று என்றால் மற்றதில் மூன்று.

“இளவட்டமும் பெருசுகளும் ஏறக்குறைய ஒரே அளவு பேருதான் ஏறுறாங்க” என்றார் ஆசான்.

“அப்போ பயலுவ சொன்னது சரிதான்.” பூவலிங்கத்துக்குக் குரல் இறங்கிவிட்டது.

“பாதி சரி. அவங்க ஒண்ணு போடட்டும். நீங்க மூணு போடுங்க. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?”

“மூணா! வாராவாரமா?” பூவலிங்கம் மகளை நினைத்தார். “சரி, போடுறேன். ஆனா நான் விழாமலே கிடந்தா?”

“கிடந்தா?”

“போட்டதெல்லாம் போச்சா?”

“போச்சு.”

“அப்போ நான் தோத்த மாதிரில்லா?”

ஆசான் வாசலில் குனிந்து பூவலிங்கத்தின் தளைநாரை எடுத்தார். மண்ணைத் தட்டி அவர் கையிலேயே கொடுத்தார்.

“ஆமா. தெனமும் தோத்துட்டு வீட்டுக்குப் போங்க, அண்ணாச்சி.”